ஆரப்பாளையத்தில் வியர்வை, ஏரிக்கரையில் நடுக்கம்: தெரியுமா உங்களுக்கு?

சித்திரை மாசம், விடிகாலை நாலரை மணி, மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். சூரியன் இன்னும் தலைகூடக் காட்டவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மடியில் பேத்தி, கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் நாலு ஸ்வெட்டர், இரண்டு குரங்குக் குல்லா. "இந்த வேகாட்டுல இதைத் தூக்கிட்டு வர்றீகளே அத்தை!" என்று மருமகள் அலுத்துக்கொள்கிறாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இறங்கும்போது அந்தப் பைக்குத்தான் முதல் மரியாதை!

நாலு மணி நேரம். சுமார் 120 கிலோமீட்டர். அவ்வளவுதான் தூரம்! கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையிலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிர்ச்சி. இரண்டாயிரம் மீட்டருக்கு 13 டிகிரி! ஆனால் மேலே மேகமும் காடும் ஈரமும் சேர்ந்துகொள்வதால் வித்தியாசம் அதற்கும் மேலேயே போய்விடும். கீழே 38 டிகிரியில் ஊர் கொதிக்கும் நாளில் மேலே 20ஐ ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்து மாவட்டத்து வெயில் மாதிரியா இருக்கிறது!

இங்கே எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் ஒரு கேள்வி கேட்கும். "மலை மேல போனா சூரியனுக்குப் பக்கத்துலதானே போறோம், அப்புறம் ஏன் குளிருது?" அற்புதமான கேள்வி. காற்றைச் சூரியன் நேராகச் சுட வைப்பதில்லை, தெரியுமா? வெயில் தரையைச் சுட வைக்கிறது. தரைதான் தோசைக்கல் மாதிரி காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும். உயரே போகப்போக அதை அமுக்கும் பாரம் குறைவதால் விரிந்துகொடுக்கும். விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிடும்போது வால்வு முனை சில்லென்று இருக்குமே, அதே சங்கதி. இவ்வளவு பெரிய மலையின் குளிருக்கும் அந்தச் சின்ன வால்வுக்கும் ஒரே காரணம் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

இந்த மலையின் குளிருக்குச் சாட்சி சொல்ல நம்மிடம் ஒரு வள்ளலே இருக்கிறார்! மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? ஆவியர் குடியில் பிறந்தவர், பொதினி மலைக்குத் தலைவர். பொதினிதான் இன்றைய பழனி. கொடைக்கானல் நிற்பதும் அதே பழனி மலைத்தொடரில்தான்! மயில் தோகையை விரித்தது. குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையையே கழற்றிப் போட்டுவிட்டார். சமவெளியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டால் வெறும் தயாளமாகத் தெரியும். மார்கழி விடியலில் கொடைக்கானலில் நின்று கேளுங்கள். தன் தோளிலிருக்கும் ஒரே போர்வையை எடுத்துக் கொடுப்பதென்றால் என்ன என்பது உடம்புக்கே புரியும்.

சரி, பஸ் கிளம்பிவிட்டது. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு. கொடைரோடு ரயில் நிலையத்தை நம்பி இறங்கினால் கொடைக்கானல் இன்னும் சுமார் 80 கிலோமீட்டர்! திருச்சி–மதுரை ரயில் பாதை வந்தது 1875ல். அதற்குப்பின் மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி மாட்டுவண்டி பிடித்து, ராத்திரி முழுக்கக் கடகடவென்று ஆடிக்கொண்டே பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போய்ச் சேருவார்கள். அங்கிருந்து வண்டிப் பாதை கிடையாது. குதிரை, இல்லாவிட்டால் நடை. வசதியுள்ளவர்களுக்கு நாற்காலி, அதைத் தோளில் சுமந்து செங்குத்து மலையில் ஏறியவர்கள் நம் ஊர்க் கூலியாட்கள். துரைமார் பெயரெல்லாம் கொடைக்கானலில் கல்லில் இருக்கிறது. அந்தத் தோள்களின் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. லாஸ் காட் என்று அந்தக் காலத்தில் பெயர் பெற்ற மலைச்சாலை வேலை முடிந்தது 1914ல், பொதுமக்களுக்குத் திறந்தது 1916ல். இன்று நம் பஸ் 'பாம் பாம்' என்று ஏறுகிற ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

நிலக்கோட்டை தாண்டும்போது மல்லிகை மணக்கும், பூச்சந்தை ஊர் அது. அடுத்தது வத்தலக்குண்டு. டீ குடிக்க இறங்குகிறோமே, அந்த ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் இந்த ஊர்க்காரர்! வ.உ.சி.யோடு சிறை சென்ற சுப்பிரமணிய சிவா பிறந்ததும் இங்கேதான், 1884ல்! 'மணிக்கொடி' பத்திரிகை பி.எஸ். ராமையா இந்த ஊர்! 'வாடிவாசல்' எழுதி, 'எழுத்து' பத்திரிகை நடத்திப் புதுக்கவிதைக்கு வாசல் திறந்துவிட்ட சி.சு. செல்லப்பாவும் இந்த ஊர்! மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர், நாலு பேரைத் தமிழுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் பஸ் ஏறிவிடாதீர்கள்.

காட்ரோடு பிரிவில் மலை ஆரம்பம். இப்போது உங்கள் பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கவனியுங்கள். ஆமாம், சிப்ஸ் பாக்கெட்! மதுரையில் வாங்கும்போது தொளதொளவென்று மடங்கிக் கிடந்ததா? பத்து வளைவு ஏறட்டும், கொஞ்சம் உப்பும். பெருமாள்மலை வரும்போது தலையணை மாதிரி விம்மி, சுருக்கமெல்லாம் போய், விரலால் தட்டினால் டம் டம் என்று சத்தம் போடும். உள்ளே இருப்பது மதுரைக் காற்று. வெளியே இருப்பது மலைக்காற்று. கடல் மட்டத்தோடு பார்த்தால் கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே குறைந்துவிடுகிறது. வெளியே அமுக்க ஆளில்லாததால் உள்ளே இருப்பது நெஞ்சை நிமிர்த்துகிறது. பிள்ளையின் காது அடைப்பதும் இதே கணக்குத்தான். ஒரு மிட்டாயைக் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள், 'டப்'பென்று திறந்துகொள்ளும். இன்னொன்று: அங்கே தண்ணீர் நூறு டிகிரி வரை காத்திருக்காது, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்! அதனால்தான் மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அவ்வளவு நேரம். குக்கர் இல்லாத காலத்து மலைவீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள், பாவம் அந்தப் பெண்கள்.

மலைப்பாதையில் வாந்தி ஏன் வருகிறது? பிள்ளை போனைக் குனிந்து பார்க்கிறது; கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. காதின் உட்புறம் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஐயோ, சுற்றுகிறோமே!' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, மூளை குழம்பிப்போய் வயிற்றைப் புரட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி சரியாகும். மீதிக்கு எலுமிச்சம்பழம் இருக்கிறது. வயிறு முட்டப் பரோட்டா தின்றுவிட்டு மட்டும் ஏறாதீர்கள்.

டம்டம் பாறை! இங்கே நிற்காமல் போனால் நான் சண்டை பிடிப்பேன். எதிரே பள்ளத்தாக்கில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தொங்குகிறதே, அதுதான் தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி, 297 மீட்டர்! எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து தெற்குக் கோபுரங்களை அடுக்கினாலும் அந்த அருவியின் தலையை எட்டாது! அம்மாடி! அதைவிட ஆச்சரியம், விழுகிற தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? மஞ்சளாறாக ஓடி, அணையில் தேங்கி, கடைசியில் வைகையில் கலக்கிறது. வைகை யாருடைய ஆறு? கள்ளழகர் இறங்குகிற ஆறு! கொடைக்கானல் பக்கத்துப் பாம்பாற்றுத் தண்ணீரும் கும்பக்கரையில் குதித்து, வராக நதியில் சேர்ந்து, அதே வைகைக்குத்தான் வருகிறது. மலை உச்சியில் இருக்கும் சோலைக்காடுகள் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டு, வெயில் நாளிலும் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. அந்தச் சோலையில் ஒரு மரம் போனால் மதுரையில் ஒரு குடம் குறையும் என்று நான் மனதார நம்புகிறேன்.

கொடைக்கானல் என்ற மலைநகரமே மதுரைக் காய்ச்சலால் பிறந்தது என்பது தெரியுமா? லெப்டினன்ட் வார்டு என்ற அளவையாளர் 1821ல் இந்த மலைமேல் ஏறி அளந்தார். ஆனால் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1834ல் மதுரைக்கு வந்தவர்கள் வெயிலுக்கும் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் குழந்தைகளைக்கூடப் பறிகொடுத்தார்கள். முதலில் அவர்கள் ஒதுங்கப் பார்த்தது பக்கத்திலிருக்கும் சிறுமலையில். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரே போனார்கள். 1845ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் எழும்பின. நோய்க்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த மலைக்குத்தான் இன்று நாம் பிள்ளைகளைச் சிரிக்கச் சிரிக்கக் கூட்டிப் போகிறோம். அவர்களுக்கும் முன்னால் இந்த மலை காலியாக இருந்ததா? இல்லவே இல்லை! பளியரும் மற்ற மலைக்குடிகளும் காலங்காலமாக வாழ்ந்த இடம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன.

வெள்ளி அருவி வந்துவிட்டது, 180 அடி. எல்லாரும் குதித்து இறங்கிப் போட்டோ எடுக்கிற இடம். இது எந்தத் தண்ணீர் தெரியுமா? எட்டு கிலோமீட்டர் தாண்டி நாம் படகு விடப்போகிறோமே, அந்தக் கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்! ஏரியைப் பார்க்கும் முன்னால் அதன் மிச்சத்தைப் பார்க்கிறோம்.

அந்த ஏரி இயற்கை ஏரி இல்லை, அதுவும் தெரியுமா? 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த சர் வெர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கினார். சொந்தப் பணத்தையும் போட்டார். தூத்துக்குடியிலிருந்து படகைக் கொண்டுவரச் செய்தார். அப்போது மலைச்சாலை இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்! கடலில் மிதந்த ஒரு படகு, மனிதத் தோள்களில் ஏழாயிரம் அடி ஏறிப்போய் மேகத்துக்குள் மிதந்திருக்கிறது! 60 ஏக்கர் பரப்பு, நட்சத்திர வடிவம், சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர். பாட்டி கரையில் உட்கார்ந்து சுட்ட மக்காச்சோளம் தின்னட்டும், பிள்ளைகள் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வரட்டும். மிதிபடகைவிடத் துடுப்புப் படகுதான் என் கட்சி. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தமும் பைன் மரத்துக் காற்றும் மட்டும் கேட்கும்.

இப்போது என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான இடம். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேட்டில் இருக்கிறது சூரிய ஆய்வகம். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தாண்டித் தூண்பாறைக்கு ஓடிவிடும். கெஞ்சிக் கேட்கிறேன், நின்று பாருங்கள். இது ஏன் இங்கே வந்தது தெரியுமா? பசியால்! 1876ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமாருக்கு அவர்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். மழை பொய்த்து, தென்னாடு முழுக்கச் சனங்கள் கும்பல் கும்பலாக மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது? சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டோ? பஞ்ச விசாரணைக் குழு சூரியனைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னது. சென்னையில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தின் பணி 1899ல் இந்த மலைக்கு மாறியது. 1901ல் இங்கே நோக்கும் வேலை தொடங்கியது. சமவெளியில் ஒருவாய்க் கஞ்சியில்லாமல் செத்தவர்களுக்காக, மலை உச்சியில் ஒரு தொலைநோக்கி சூரியனைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தது!

அந்தக் கேள்விக்கு நேர் பதில் கிடைக்கவில்லை. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்த வேறொன்று கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, கரும்புள்ளியின் ஓரத்தில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுவதை இங்கே கண்டுபிடித்தார். உலகம் முழுக்க வானியல் பாடப்புத்தகங்களில் 'எவர்ஷெட் விளைவு' என்று படிக்கிறார்களே, அது பிறந்தது நம் திண்டுக்கல் மாவட்டத்தில்! அவர் மனைவி மேரியும் வானியலாளர். ஒரு கரும்புள்ளி நம் பூமியையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் இங்கே சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா பிறந்த அன்று சூரியன் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இந்த மலையில் ஒரு படம் இருக்கக்கூடும்!

கோக்கர்ஸ் வாக் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். 1872ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மலையின் விளிம்பிலேயே போகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் பெரியகுளத்துத் தோப்புகள், வைகை அணைத் தண்ணீர், கட்டங்கட்டமாக வயல். பதினொரு மணி வாக்கில் பள்ளத்திலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு எழும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முதலில் அணை மறையும், அப்புறம் தோப்பு, அப்புறம் கீழ்ப்படி, கடைசியில் கைப்பிடிக் கம்பியில் முத்து முத்தாய் ஈரம் கோர்க்கும். பேத்தியின் இமையில்கூட! முதுகுக்குப் பின்னால் வெயிலும் எதிரே மூடுபனியும் சரியாக அமைந்தால், உங்கள் நிழலே பூதம்போல் பெரிதாகி, தலையைச் சுற்றி வானவில் வட்டத்தோடு பனியில் நிற்கும். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற தரிசனம் என்று நினைக்காதீர்கள், பொறுமையாக நின்றால் வாய்க்கும்.

தூண்பாறை 400 அடி, பனி விலகினால் பார்க்கலாம். குணா குகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1991ல் கமல்ஹாசன் படம் வந்தபின் பெயரே மாறிப்போன இடம், 2024ல் மஞ்சும்மல் பாய்ஸ் வந்தபின் கூட்டம் தாங்கவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பாருங்கள், பிள்ளைகள் கையை விடாதீர்கள், அவ்வளவுதான். பிரையண்ட் பூங்காவில் மே மாசம் மலர்க்காட்சி.

குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1936ல் இதைக் கட்டியவர் யார் தெரியுமா? லீலாவதி ராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இந்து மதத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர்! ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண், யாழ்ப்பாணத்து மருமகளாகி, பாண்டி நாட்டு மலையில் முருகனுக்குக் கோயில் எடுத்திருக்கிறார். கோயிலின் பின்பக்கம் நின்றால், வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும். மலை நிலத்துக்கே பெயர் கொடுத்த குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். 2006, 2018, அடுத்தது 2030. 2018ல் பிறந்த பிள்ளை 2030ல் ஏழாம் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளை தன் வயசை ஒரே ஒரு பூவால் சொல்லலாம்! பளியர்கள் அப்படித்தான் வயசைக் கணக்கிடுவார்களாம், எத்தனை குறிஞ்சி பார்த்தாய் என்று.

வாங்க வேண்டியது? மலைப்பூண்டு! கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. விருப்பாச்சி மலைவாழைக்கும் உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன ருசி அந்தப் பழத்தால் வருவது. சீசன் இருந்தால் பிளம்ஸ், பேரிக்காய். கார் எடுத்துப் போகிறவர்கள் முதல் நாளே இணையத்தில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் கட்டாயம். அரசுப் பஸ்ஸில் போனால் அந்தக் கவலையில்லை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் போதும். ரோட்டோரம் காட்டுமாடு நின்றால் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், அது அதன் வீடு.

நாலு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், இருட்டும் பனியும் சேர்ந்தால் பாதை தெரியாது. பெருமாள்மலை தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டர் ஒவ்வொன்றாக மஞ்சப்பைக்குத் திரும்பும். கடைசி வளைவுகளில் சமவெளி விளக்குகள் கொட்டிக் கிடக்கும். வத்தலக்குண்டில் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கும்.

மேலே ஏரிக்கரையில் எலுமிச்சம் சாதம் தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவி இறுக மூடி வைத்திருந்தோம். பேத்தி அதை எடுத்துப் பார்க்கிறாள். மூடி நடுவில் குழிந்து, யாரோ வாயை வைத்து உறிஞ்சியதுபோல் உள்வாங்கியிருக்கிறது. காலையில் உப்பிய சிப்ஸ் பாக்கெட்டின் நேர் எதிர்! நகத்தால் ஓரத்தை நெம்பினாள். 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். சட்டென்று மறுபடி மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பத்தா, உள்ள இன்னும் கொஞ்சம் கொடைக்கானல் காத்து இருக்கு. வீட்டுக்குப் போய் அம்மாச்சிக்குக் காட்டணும்."